கன்சோலுக்கு மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டர் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை பிசியில் விளையாடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ், சுவிட்ச் போன்ற விளையாட்டுக் கன்சோல்கள் வைத்திருப்பவர்கள் அவற்றை நம்பி வாங்கினால், கன்சோல் எந்நாளும் பயன்படுத்தாத வசதிக்குப் பணம் போகும். அவசியம் வேண்டிய ஒன்று விட்டுப்போகும். கன்சோலில் (சுவிட்ச் என்றால் அதன் டாக்கில், அதாவது டிவி, மானிட்டரோடு இணைக்கும் தாங்கியில்) படத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு எச்டிஎம்ஐ போர்ட். அதிலிருந்து என்ன வெளியே வருகிறது, மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் அதை முழுதாக வாங்கிக்கொள்கிறதா என்ற இரண்டையும் பார்த்துவிட்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

என் கன்சோலிலிருந்து அதிகபட்சம் என்ன படம் வரும்?

1080பி, 1440பி, 4கே என்பவை படத்தில் எத்தனை பிக்சல் என்பதைச் சிறியதிலிருந்து பெரியது வரை குறிக்கும் பெயர்கள்; ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும். சீரிஸ் எஸ் விளையாட்டுகளை 1440பி அளவை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட கன்சோல். அதுவும் 120 ஹெர்ட்ஸ் தரும். பழைய பிஎஸ்4 1080பி, 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பிஎஸ்4 ப்ரோ 4கே, 60 ஹெர்ட்ஸ் வரை போகும். முதல் சுவிட்சை டாக்கில் வைத்தால் 1080பி, 60. 2025இல் வந்த சுவிட்ச் 2 டாக்கில் இருக்கும்போது 4கே படத்தை 60 ஹெர்ட்ஸிலும், 1080பி அல்லது 1440பி படத்தை 120 ஹெர்ட்ஸிலும் தரும்.

பிஎஸ்4 மட்டும் வைத்திருக்கிறீர்கள், வேறு கன்சோல் வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் நல்ல 24 அங்குல 1080பி மானிட்டர் போதும். கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை உங்களுக்குத் தேவைப்படாது.

144, 165, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் படம் இன்னும் வழவழப்பாக ஓடுமா?

ஓடாது. கன்சோல்களின் உச்சவரம்பு 120. அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் பிசிக்குத்தான். அதற்காக 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. சந்தையில் சரியாக 120 என்று போட்டு வருபவை குறைவு; 144, 165 என்று வருபவை 120ஐயும் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பல மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் (பிசிகளில் இருக்கும் இன்னொரு வகை இணைப்பு) வழியாக மட்டுமே கிடைக்கும். மேற்சொன்ன எந்தக் கன்சோலிலும் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. எச்டிஎம்ஐ வழியாக எந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்பது தயாரிப்பாளரின் பயனர் கையேட்டில் தனி அட்டவணையாக இருக்கும். கையேடு பிடிஎஃப் வடிவில் பெரும்பாலும் கிடைக்கும்; வாங்கும் முன் அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படியுங்கள். கடை விற்பனையாளரின் வாய்ச்சொல்லைவிட அது நம்பகமானது.

60 ஹெர்ட்ஸ் போதாதா? பெரும்பாலான விளையாட்டுகள் விநாடிக்கு 60 ஃப்ரேமைத் (படங்களைத்) தாண்டுவதில்லையே?

உண்மைதான், தாண்டுவதில்லை. ஆனாலும் 120 ஹெர்ட்ஸ் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். 120 ஃப்ரேமில் ஓடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளும் பந்தய விளையாட்டுகளும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் 40 ஃப்ரேம்.

கணக்கைப் பாருங்கள். 30 ஃப்ரேமில் ஒவ்வொரு படமும் திரையில் 33.3 மில்லி விநாடி நிற்கிறது. 60 ஃப்ரேமில் 16.7. இரண்டுக்கும் நடுப்புள்ளி 25 மில்லி விநாடி, அதாவது 40 ஃப்ரேம். எண்ணிக்கையில் 40 என்பது 30க்குப் பக்கத்தில் இருந்தாலும், நேரக் கணக்கில் அது 30க்கும் 60க்கும் சரிபாதி. கையில் கன்ட்ரோலரைப் பிடித்தவுடன் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் 60ஐ 40ஆல் மீதமின்றி வகுக்க முடியாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஒரு சுற்றும் அடுத்த படம் இரண்டு சுற்றுமாக நின்று திக்கித் திக்கி ஓடும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் துல்லியமாக மூன்று சுற்று நிற்கும். 2021இல் பிஎஸ்5க்கு வந்த 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு பல பெரிய விளையாட்டுகள் அதைப் பின்பற்றின. படத்தின் நேர்த்தியும் கெடாமல், அசைவும் இதமாக இருக்கும் இந்தத் தேர்வு 120 ஹெர்ட்ஸ் திரையை இணைத்தால்தான் மெனுவில் தலைகாட்டும்.

1080பி, 1440பி, 4கே: எதை எடுப்பது?

திரையின் அளவையும் நீங்கள் உட்காரும் தூரத்தையும் சேர்த்தே இதை முடிவு செய்ய வேண்டும். 27 அங்குலத்தில் 1440பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 109 பிக்சல். மேசையில் ஒரு கை நீளத்தில் உட்கார்ந்து பார்க்க இது மிக நன்றாக இருக்கும். அதே 1440பியை 32 அங்குலத்தில் வாங்கினால் 92 பிக்சலுக்கு இறங்கிவிடும். 24 அங்குல 1080பி மானிட்டரின் அடர்த்தியும் அச்சாக அதே 92தான். பெரிய திரை வாங்கினோம், படம் ஏன் கூர்மையாக இல்லை என்று புலம்புபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். 32 அங்குலம் வேண்டுமென்றால் 4கேவுக்குப் போங்கள்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு 1440பி பற்றி ஒரு பழைய பயம் உண்டு. 2020இல் வெளிவந்தபோது அந்தக் கன்சோல் 1440பியை அனுப்பவே இல்லை. மானிட்டருக்கு 1080பிதான் போனது. 2022 செப்டம்பர் அப்டேட்டில் 1440பி வந்தது, 2023இல் 1440பிக்கு விஆர்ஆரும் (படம் தயாராகும் நேரத்துக்கேற்பத் திரை மாறும் வசதி; கீழே விளக்கியிருக்கிறேன்) வந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னமும் தயங்க வேண்டாம். பிஎஸ்4 வகைகளுக்கு மட்டும் இந்த வசதி கடைசிவரை வரவில்லை. அவற்றை 1440பி மானிட்டரில் இணைத்தால் 1080பி படம்தான் இழுத்துப் பெரிதாக்கப்பட்டுத் தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், மேசையில் வைத்து விளையாட 27 அங்குலம், 1440பி, 120 ஹெர்ட்ஸ் என்பதுதான் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பத் தரும் சேர்க்கை. 4கே திரையில் 83 லட்சம் பிக்சல். 1440பியில் 37 லட்சம். கன்சோல் விளையாட்டுகளில் பல, 60 ஃப்ரேமைக் காப்பாற்றுவதற்காக உள்ளுக்குள் 4கேவுக்குக் கீழேதான் படத்தை வரைகின்றன. பிறகுதான் பெரிதாக்கி அனுப்புகின்றன. எனவே 27 அங்குலத்தில் 4கேவின் முழுப் பலன் கண்ணில் படும் தருணங்கள் குறைவு. அந்தக் கூடுதல் பணத்தை நல்ல பேனலில் போடுங்கள்.

பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று இருந்தால் நம்பி வாங்கலாமா?

அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டில் விநாடிக்கு 18 கிகாபிட் தரவு போகும், 2.1இன் உச்சம் 48 கிகாபிட். ஆனால் 2.1 தரநிலையில் புதிதாக வந்த வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. 4கே 120 ஹெர்ட்ஸும் விஆர்ஆரும்கூட அந்தப் பட்டியலில் அடக்கம். ஏதாவது ஒரு வசதியை மட்டும் வைத்துவிட்டு, வேகம் பழைய 18ஆகவே இருக்கும் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் போட விதி இடம் கொடுக்கிறது. இது 2021 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தபோது பலரும் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. வாங்குபவரைக் குழப்பும் விதி அது.

ஆகவே 4கே மானிட்டர் வாங்கும்போது பதிப்பு எண்ணை விட்டுவிட்டுப் போர்ட்டின் வேகத்தைக் கேளுங்கள். 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஆர் (பிரகாசத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) மூன்றும் நிறக் குறைப்பு இல்லாமல் ஒன்றாகப் போகச் சுமார் 40 கிகாபிட் வேண்டும். சீரிஸ் எக்ஸ் 40 வரை அனுப்பும். பிஎஸ்5 அனுப்புவது 32. அதனால் அந்த நிலையில் அது நிறத் தகவலைச் சற்றே குறைத்து, 4:2:2 என்ற முறையில் அனுப்புகிறது. விளையாடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படுவது அபூர்வம். 24 கிகாபிட் மட்டுமே தாங்கும் போர்ட் என்றால் நிறத் தகவலை இன்னும் குறைக்கும் 4:2:0 வரை இறங்க வேண்டிவரும். சிவப்புப் பின்னணியில் இருக்கும் சின்ன எழுத்துகளின் விளிம்பு கசிந்தாற்போல் தெரிவது அப்போதுதான்.

1440பி மானிட்டருக்கு இத்தனை கவலை வேண்டாம். 1440பி, 120 ஹெர்ட்ஸ் 2.0 போர்ட்டிலேயே அடங்கிவிடும். விஆர்ஆர் மட்டும் தனிக் கதை.

விஆர்ஆர் என்பது என்ன? ஃப்ரீசிங்க் இருந்தால் போதுமா?

60 ஃப்ரேமில் ஓடும் விளையாட்டு ஒரு பெரிய வெடிப்புக் காட்சியில் 52க்கு இறங்குகிறது என்று வையுங்கள். சாதாரண திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும். நேரத்துக்குத் தயாராகாத படம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். உங்களுக்கு அது ஒரு வெட்டாகத் தெரியும். விஆர்ஆர் இருந்தால் படம் எப்போது தயாராகிறதோ அப்போது திரை மாறிக்கொள்ளும். 52 என்பதே தெரியாமல் விளையாட்டு நகர்ந்துவிடும்.

எக்ஸ்பாக்ஸ், எச்டிஎம்ஐ வழியான ஃப்ரீசிங்கையும் (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) ஏற்கும், எச்டிஎம்ஐயின் சொந்த விஆர்ஆரையும் ஏற்கும். பிஎஸ்5 ஃப்ரீசிங்கை ஏற்காது; எச்டிஎம்ஐ விஆர்ஆர் மட்டும்தான், அதுவும் 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள். ஆகவே பிஎஸ்5க்காக வாங்குபவர்கள் பெட்டியில் ஃப்ரீசிங்க் முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். 'எச்டிஎம்ஐ விஆர்ஆர்' என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா நிறுவனத்தின் ஜி-சிங்க் முத்திரை கன்சோலுக்கு எதையும் உறுதிப்படுத்தாது. சுவிட்ச் 2இல் விஆர்ஆர் அதன் சொந்தத் திரையில்தான். டாக் வழியாக வராது.

எந்த கேபிள் வாங்குவது?

பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் பெட்டிக்குள் வரும் கேபிளே போதும். நீளம் பற்றாமல் புதிதாக வாங்க நேர்ந்தால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று லேபிளும் ஸ்கேன் செய்யும் க்யூஆர் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். தங்க முலாம் பூசியதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம். இணைத்த பிறகு திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துத் திரும்பினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

ஐபிஎஸ், விஏ, ஓலெட்: எந்தப் பேனல்?

பேனல் என்பது படம் தெரியும் திரைப் பகுதி; ஐபிஎஸ், விஏ இரண்டும் பின்விளக்கு வைத்த எல்சிடி வகைகள். பகல் வெளிச்சம் நிறைந்த அறை, பல வகையான விளையாட்டுகள், பக்கத்தில் உட்கார்ந்து வேறொருவரும் பார்ப்பார் என்றால் ஐபிஎஸ். எந்தக் கோணத்திலிருந்தும் நிறம் மாறாது. குறை, கறுப்பு. கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள பிரகாச விகிதம்) சுமார் 1000:1தான் என்பதால் இருட்டறையில் குகைக் காட்சி வந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், மூலைகளில் வெளிச்சம் கசியும்.

விஏ பேனலில் 3000:1 அளவுக்குக் கான்ட்ராஸ்ட் உண்டு, கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் விலை குறைந்த விஏக்களில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும் வேகம் மந்தம். இரவுக் காட்சியில் கேமராவைச் சட்டென்று திருப்பினால் மரக்கிளைகளுக்குப் பின்னால் கரிய தடம் இழுபடும். பேய் விளையாட்டுகளை விரும்பி ஆடுபவர் ஆழ்ந்த கறுப்புக்காக விஏ வாங்கி, அந்தக் கறுப்பிலேயே இந்தத் தடத்தையும் பார்க்க நேரும். முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள்.

ஓலெட்டில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணையும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. அசைவில் தடமே இருக்காது. விளையாட்டுக்கு இதைவிட நல்ல படம் இன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. விலையைத் தாண்டி ஒரே பயம், திரையில் நிலையாக நிற்பவை தடம் பதித்துவிடுவது. ஆரோக்கியப் பட்டை, வரைபடம், தோட்டா எண்ணிக்கை எல்லாம் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவை. தினமும் ஒரே விளையாட்டை மட்டும் நான்கைந்து மணி நேரம், வருடக்கணக்கில் ஆடுபவர் யோசித்து வாங்க வேண்டும். பலவற்றை மாற்றி மாற்றி ஆடுபவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: விளையாடி முடித்ததும் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பேனல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலையைச் செய்கிறது. ஓலெட் மானிட்டர்களில் க்யூடி-ஓலெட் வகை, விளக்கு வெளிச்சம் நேராகப் படும் அறையில் கறுப்பை லேசான ஊதா கலந்த சாம்பலாகக் காட்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

'எச்டிஆர் 400' என்று போட்டிருக்கிறது. நல்லதுதானே?

எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். திரைத் தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் சான்றில் 400 என்பது அடிப்படை நிலை. 400 நிட்ஸ் பிரகாசம் வேண்டும். ஆனால் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாத எல்சிடி திரையில் சூரியனைப் பிரகாசமாக்க முழுப் பின்விளக்கும் ஏற வேண்டும், பக்கத்திலிருக்கும் நிழலும் வெளுக்கும். எச்டிஆரின் உயிரே ஒரே காட்சியில் பிரகாசமும் இருளும் சேர்ந்து நிற்பதில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மானிட்டரில் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடினால் படம் நன்றாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எச்டிஆர் உண்மையிலேயே வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று ஓலெட், அதன் சான்றில் 'ட்ரூ பிளாக்' என்று சேர்ந்திருக்கும், அங்கே வரும் 400ஐ மேலே சொன்ன 400ஓடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மற்றொன்று மினி எல்இடி பின்விளக்கு. அதில் 576, 1152 என்ற கணக்கில் தனித்தனி மண்டலங்கள் இருக்கும். வெறும் எட்டு, பதினாறு மண்டலங்கள் என்றால் அதை எச்டிஆர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாங்கிய பிறகு கன்சோலின் எச்டிஆர் சரிசெய்யும் திரையைத் தவறாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பிஎஸ்5இல் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு குறி தெரியும். அது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். உங்கள் திரை எவ்வளவு பிரகாசம் தாங்கும் என்று கன்சோல் தெரிந்துகொள்வது அங்கேதான். இதைச் செய்யாமல் விட்டால் மேகங்கள் எல்லாம் விவரம் இழந்து வெள்ளைத் திட்டாகத் தெரியும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை எக்ஸ்பாக்ஸில் உண்டு, பிஎஸ்5இல் இல்லை. மானிட்டர்களிலும் அது அரிது என்பதால் அதைத் தேடி அலைய வேண்டாம்.

'1 மில்லி விநாடி' என்றால் தாமதம் 1 மில்லி விநாடியா?

இல்லை. அது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம், அதுவும் ஆய்வகத்தில் மிகச் சாதகமான அமைப்பில் அளந்தது. பொத்தானை அழுத்தியது திரையில் தெரிய எடுக்கும் தாமதம் வேறு. அதில் விளையாட்டு மானிட்டர்கள் ஏறக்குறைய எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன.

மானிட்டர் மெனுவில் பிக்சல் மாற்றத்தை வேகப்படுத்தும் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும். அதை உச்சத்தில் வைத்தால் அசையும் உருவத்தைச் சுற்றி வெளிறிய நிழல் தோன்றும். நடு நிலை போதும். 'எம்பிஆர்டி' என்று வரும் 1 மில்லி விநாடி பின்விளக்கைச் சிமிட்ட வைத்துக் கிடைப்பது. பிரகாசம் குறையும், பெரும்பாலான மானிட்டர்களில் விஆர்ஆரோடு சேர்ந்து இயங்காது. கன்சோலுக்கு விஆர்ஆரையே தேர்ந்தெடுங்கள்.

அல்ட்ராவைட் வாங்கலாமா? வளைந்த திரை?

அல்ட்ராவைட் எனும் கூடுதல் அகலத் திரை வேண்டாம். கன்சோல்கள் 16:9 படம்தான் தரும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், இல்லையென்றால் ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். வளைவு உங்கள் விருப்பம். 27 அங்குலத்தில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை.

டிவியே வாங்கிவிடலாமே?

சோபாவில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து விளையாடுபவர் என்றால், ஆமாம், டிவிதான் சரி. அந்தத் தூரத்தில் 27 அங்குலத் திரையில் வசன எழுத்துகளைப் படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். கேம் மோடை இயக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் டிவியின் தாமதம் 50 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம். மேசை, நாற்காலி, நெருக்கமான இடம் என்றால் மானிட்டர்.

ஒலிக்கு என்ன செய்வது?

இதை வாங்கிய பிறகே பலர் யோசிக்கிறார்கள். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் மெலிந்த ஒலிதான். பிஎஸ்5இலும் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் ஆப்டிகல் ஆடியோ போர்ட் எடுக்கப்பட்டுவிட்டது, சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனும் நேரடியாக இணையாது. எளிய வழி, கன்ட்ரோலரின் 3.5 மில்லிமீட்டர் துளையில் வயர் ஹெட்ஃபோனைச் செருகுவது. பிஎஸ்5இன் முப்பரிமாண ஒலியும் அதில் முழுதாகக் கிடைக்கும். மேசை ஸ்பீக்கர் வைக்க விரும்பினால் மானிட்டரில் ஹெட்ஃபோன் அவுட் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைத்துவிட்டேன். படம் வெளுத்தாற்போல் இருக்கிறதே?

பெரும்பாலும் ஆர்ஜிபி வரம்பு (கறுப்பிலிருந்து வெள்ளை வரை நிறத்தைக் குறிக்கும் எண்களின் எல்லை) பொருந்தாத சிக்கல். கன்சோல் 16 முதல் 235 வரையிலான குறுகிய வரம்பில் அனுப்ப, மானிட்டர் அதை 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகிவிடும். தலைகீழாக நடந்தால் நிழலில் இருக்கும் விவரம் முழுக்கக் கறுப்பில் மூழ்கிவிடும். பிஎஸ்5இல் வீடியோ அவுட்புட் பகுதியில் ஆர்ஜிபி ரேஞ்ச் என்று இருப்பதை மாற்றிப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் கலர் ஸ்பேஸ். மானிட்டரிலும் பிளாக் லெவல் என்ற பெயரில் ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே வரம்பில் இருந்தால் போதும்.

120 ஹெர்ட்ஸ் வேலை செய்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

பிஎஸ்5இல் ஸ்கிரீன் அண்ட் வீடியோ பகுதியில் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட் 'ஆட்டோமேட்டிக்' நிலையில் இருக்க வேண்டும். கேம் பிரீசெட் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ் மோடைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் இருக்கும்போது 60 என்றே காட்டினால் பதற வேண்டாம். 120ஐ ஆதரிக்கும் விளையாட்டைத் திறந்து, அதை ஓடவிட்டபடியே வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்துக்கு வந்து பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் டிவி அண்ட் டிஸ்ப்ளே பகுதிக்குள் '4கே டிவி டீடெய்ல்ஸ்' என்ற பக்கம் எது எது கிடைக்கும், எது கிடைக்காது என்று வரி வரியாகச் சொல்லிவிடும்.

அங்கே இல்லை என்று வந்தால் மானிட்டரைத் திருப்பி அனுப்பும் முன் அதன் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் எச்டிஎம்ஐ 2.1, அடாப்டிவ் சிங்க் (விஆர்ஆருக்கான அமைப்பு) இரண்டும் அணைக்கப்பட்டே வரும். இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒன்று மட்டுமே முழு வேகம் என்ற மாடல்களும் உண்டு. கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனைகளையும், முழுக் கறுப்புப் படம் ஒன்றும் முழு வெள்ளைப் படம் ஒன்றும் போட்டுச் செத்த பிக்சல், மூலைக் கசிவு தேடுவதையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள்.